கழித்தல் குறி

அறிக்கையில் அது இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்காவது வரி.
சிவப்புக்கூட இல்லை, மங்கிய ஆரஞ்சு.
எங்களை வாங்க வந்த பெர்கன் கம்பெனி
நிரலையெல்லாம் சல்லடையில் போட்டுச் சலித்ததில்
மேலே நின்ற ஒரே கல்.

ட்ரான்ஹைமில் டிசம்பர். மூன்று மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது.
"யார் சேர்த்தது?" என்றாள் குன்வோர்.
கோப்பின் வரலாற்றுக்குப் பொய் சொல்லத் தெரியாது:
ஆறு வருடத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, நான்.

ஃப்ரெய்யா தீவுக்கு அப்பால்
கூண்டு சால்மனுக்குத் தீனி போடுவது எங்கள் பெட்டி.
அலையின் இரைச்சலை வடிகட்டி
மீன் இன்னும் மேலே வருகிறதா
போதுமென்று கீழே போய்விட்டதா என்று கேட்டுச் சொல்ல வேண்டும்.
நான் எழுதியது மூன்று வாரம் தவறியது.
ஆஸ்ட்ராவா டிராம் பணிமனையில் இரவு வேலை பார்க்கும்
வ்லஸ்தா குபீச்கோவா
சக்கரத் தேய்மானத்தைக் காதால் பிடிக்க எழுதிய நிரலகம்
மதியச் சாப்பாட்டுக்குள் கடலையும் கேட்டது.

உரிமத்தைப் படித்தேனா? படித்தேன்,
வாடகை ஒப்பந்தம் படிப்பதுபோல
தொகை எங்கே என்று மட்டும் தேடி.
தொகை இல்லை.
எடுத்துக்கொள், திருத்து, காசுக்கு விற்கவும் செய்.
வாங்குகிறவனுக்குப் பண்டத்தோடு பக்குவத்தையும் கொடு.
உன்னுடையதை இதோடு பிசைந்தால்
உன்னுடையதற்கும் இதே பேச்சு.

"தொற்று" என்றார் வக்கீல் ஓட்மார்.
ரோரோஸ் பக்கம் அவருடைய மாமியார் ஊரில்
பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறை வாங்கி
ஒரு குடம் பாலைக் கெட்டியாக்குவார்கள்.
யாரும் மருத்துவரைக் கூப்பிடுவதில்லை.
நாளைக்குக் கரண்டியோடு வந்து கதவைத் தட்டுகிறவளிடம்
இந்தத் தயிர் என் தனிச்சொத்து என்று சொல்ல முடியாது,
அவ்வளவுதான்.
இதை நான் அங்கே சொல்லவில்லை.
என் வேலை தொங்கிக்கொண்டிருந்த கூட்டம் அது.

புதிதாக எழுதினால் ஐந்து மாதம். பெர்கன் காத்திருக்காது.
விலைக்கு வாங்கலாமே?
வ்லஸ்தாவை அழைத்தோம். அவளுக்குப் பின்னால் ஒரு டிராம் கிறீச்சிட்டது.
"காசு எனக்கும் கசக்காது.
ஆனால் அது இப்போது என் ஒருத்தியுடையது இல்லை.
பதினேழு பேர் கை வைத்திருக்கிறார்கள், ஒவ்வொருவரையும் கேளுங்கள்.
ஒருவர் செத்துப்போனார்.
ஒருவர் ஆட்டுப்பண்ணை வைத்துக் கணினியையே விட்டுவிட்டார்."

ஊரார் வீட்டு நெய்யை ஆறு வருடம் ஊற்றிக்கொண்ட கை
பட்டியலில் ஒவ்வொரு பெயராக இறங்கியது.
பதினோராவது: எலிசேயோ மான்சியா, புவெர்த்தோ மோன்ட், சிலி.
ஸ்காட்லாந்து டெண்டரை எங்களிடமிருந்து பறித்த
அந்தக் கம்பெனியின் முகவரி.
"திறந்தால் அவன் பார்த்துவிடுவான்" என்று
குன்வோர் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த அந்த அவன்.

அவன் திருத்தியது ஒரே குறி.
கூட்டல் இருந்த இடத்தில் கழித்தல்.
நீரோட்டம் திரும்பும் சில நிமிடங்களில்
எண் தலைகீழாகும், தீனி நிற்காமல் கொட்டும்.
எங்களுக்கும் கொட்டியது, முதல் வருடம், ஒரே இரவில் பதினோரு டன்.
பிறகு கொட்டவில்லை.
ஏன் கொட்டவில்லை என்று யாரும் கேட்கவில்லை.
புதிய பதிப்பை இறக்கியவன் என்று
எனக்குச் சம்பளம் கூட்டினார்கள்.

குன்வோர் அந்தக் குறியை நெடுநேரம் பார்த்தாள்.
"உரிமம் அவனைக் கட்டாயப்படுத்தியதா?"
இல்லை என்றார் ஓட்மார், கொஞ்சம் தயங்கி.
பெட்டியை வாங்கியவர்களுக்குக் கொடுத்தால் போதும்.
ஆஸ்ட்ராவாவுக்கு அனுப்ப வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

பெர்கன் விலையில் எட்டு சதவீதம் குறைத்தது.
நாளை காலை திறக்கிறோம்.
இன்றிரவு நான் துடைத்துக்கொண்டிருக்கிறேன்,
வரிகளுக்கிடையே நான் எழுதிவைத்த குறிப்புகளை:
குன்வோரைப் பற்றி இரண்டு வசவு,
ஒரு பீட்சாக் கடையின் தொலைபேசி எண்.
"இது ஏன் ஓடுகிறதென்று தெரியவில்லை, தொடாதே."
அதை மட்டும் விட்டுவைக்கிறேன்.
புவெர்த்தோ மோன்ட்டில்
யாருக்காவது தெரிந்திருக்கலாம்.