கையுறை

மழைக்கு ஒதுங்கியதுதான்.
கேன்டர்பரி பேருந்துக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
சந்தைத் தெருவில் பழைய நகரமன்றம்,
மாடியில் படங்கள், கட்டணம் இல்லை,
குடையை மட்டும் வாசல் வாளியில் போடச் சொன்னார்கள்.

மூன்றாவது சுவரில் இருந்தது
‘ராணி வருகிறாள்’. ஆண்டு 1867.
பரண் அறை. வாய் பிளந்த மரப்பெட்டி.
செம்புச் சட்டியைத் தலையில் கவிழ்த்த தளபதி,
ஐந்து வயதிருக்கும், வாள் ஓர் அகப்பை.
மேசைவிரிப்பைப் போர்த்திய மந்திரிக்குச்
சிரிப்பை அடக்கத் தெரியவில்லை.
மூலையில் நாய்,
எந்த வேடத்துக்கும் சம்மதிக்காத ஒரே ஆள்.
நடுவே அவள்:
அம்மாவின் பட்டு இரண்டு முழம் தரையில் புரள,
முழங்கை தாண்டி வழியும் வெள்ளைக் கையுறைகள்.

அன்றைய விமர்சகர்கள்
கையுறையைத்தான் கொண்டாடினார்களாம்.
பக்கத்து அட்டை சொல்கிறது.
தாயின் கையுறைக்குள் தொலைந்த பிஞ்சுக் கை,
என்ன நயம், என்ன குறும்பு.

அட்டையின் அடியில், பொடி எழுத்தில்,
ஓவியரின் கணக்கேட்டிலிருந்து ஒரு வரி:
“கெசையா. ஹாப் பறிப்பவர் மகள். ஒன்பது வயது.
நாளுக்கு ஆறு பென்னி.
கை கறுப்பு, தேய்த்தும் போகவில்லை.
கையுறை வாங்க வேண்டும்.”

பீருக்குக் கசப்பேற்றும் பூ அது.
பறிக்கப் பறிக்கப் பிசின் ஏறும்,
விரல் தார் பூசியதுபோல் ஆகும்,
சோப்புக்கு மசியாது.

ஆக, அந்த வீட்டுப் பெண்ணே இல்லை அவள்.
பரண் அவளுடையதில்லை, பட்டுக்காரி அவள் அம்மா இல்லை.
வசதியான வீட்டுச் சிறுமியாய் ஒரு வேடம்,
அந்தச் சிறுமி போட்ட ராணி வேடம் அதன்மேல்.
வெங்காயம்போல் சுற்றி நிறுத்திவிட்டு
“விளையாடு, ஆனால் அசையாதே”
என்றிருப்பார்.

அசையாமல் எப்படி விளையாடுவது?
தளபதி தூங்கிப்போயிருப்பான்,
சட்டியை ஆணியில் மாட்டி மீதியை வரைந்திருப்பார்.
மந்திரிக்கு மூத்திரம் முட்டியிருக்கும்.
ஜன்னல் வெளிச்சம் சுவரேறும்வரை
இவள் நின்றாள்,
ஆறு பென்னிக்கு.

பேருந்து போயிருக்கும். போகட்டும்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்தேன்.
காவலர் இருமினார்.

இடது கையுறையில் ஐந்து விரலும் காலி,
காற்றுப் போன பலூன்கள்.
உள்ளங்கை இருக்குமிடத்தில் மட்டும்
கோலிக்குண்டு அளவில் ஒரு புடைப்பு.
பார்த்ததைப் பார்த்தபடி வரைகிற மனிதர்,
என்னவென்று தெரியாமலே வரைந்துவிட்டார்.
விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

பட்டுக்கும் ராணிக்கும் ஓவியருக்கும் உள்ளே
யாரும் எட்டிப் பார்க்க முடியாத வெள்ளைக் கூடாரத்தில்
கறுத்த விரல்கள் ஐந்தும் கூடி
என்னவோ நடத்திக்கொண்டிருந்தன.

கட்டைவிரல் அதில் யாராக இருந்தது
என்று கணக்கேட்டில் இல்லை.