புள்ளி விசை

செல்லூரில் நாங்கள் இருக்கும் மாடிக்குக் கீழே
பன்னிரண்டு விசைத்தறி.
காலை ஆறுக்குத் தொடங்கினால்
குடத்துத் தண்ணீர் நாள் முழுக்க நடுங்கும்.
அதில் தூங்கிவிடுவாள் செண்பகவல்லி,
பெரியாஸ்பத்திரியில் இரவு டூட்டி முடித்து வந்து,
யூனிஃபார்மைக்கூட மாற்றாமல்.

நான் கிரயப் பத்திரம் அடிக்கிறவன்.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
இரண்டாவது வரியிலேயே புரண்டு படுப்பாள்.
"அவ்வளவு தறி ஓடுது, அதுக்கு முழிக்கல?"
"அது ஊர்ச் சத்தம்.
இது நீ."

ஞாயிற்றுக்கிழமை
எண்பத்தேழில் எண்பத்தாறு சுவிட்சைப் பிடுங்கி
எவர்சில்வர் தட்டில் கொட்டினேன்.
மூடி, தண்டு, ஸ்பிரிங், அடி.
கண்ணுக்கு மை இழுக்கிற அளவுதான் கிரீஸ்,
மை இழுக்கிற பிரஷ்தான்,
இன்னும் அவளிடம் சொல்லவில்லை.
ஸ்பிரிங்குகளை ஜிப் கவரில் போட்டு
நாலு சொட்டு எண்ணெய் விட்டுக் குலுக்கினேன்.
ஒரு கைப்பிடிக் கொலுசு வாயை மூடிக்கொண்டது.
ஒன்று மட்டும் தெறித்து பீரோவுக்கு அடியில் போனது.
ஸ்க்ரோல் லாக்குக்கு இப்போது ஸ்பிரிங் கிடையாது,
அதைத் தொடுவாரும் கிடையாது.

புள்ளியைத்தான் முதலில் எடுத்தேன்.
இடது சுட்டுவிரலுக்குக் கீழே
எப்போதோ எழுத்து அழிந்துபோன விசை.
மெய்யெழுத்தை அடக்குவது அதன் வேலை,
மொத்தப் பலகையிலும் அதற்குத்தான் வாய் அதிகம்.
அந்த ஆத்திரத்தில்
கொஞ்சம் கூடவே பூசிவிட்டேன் போல.

திங்கட்கிழமை அடித்த பத்திரத்தில்
மதுரை வடக்கு வட்டம,
செல்லூர கிராமம,
வீரணன மகன ஒச்சப்பன.
பத்திர எழுத்தர் கமருதீன்
கண்ணாடியை ஏற்றி இறக்கினார்:
"என்னப்பா, ஆளெல்லாம் தலையில்லாம நிக்கிறாங்க?"

மறுபடி பிடுங்கி
காது குடையும் பஞ்சால் துடைத்து
பாதிப் பூச்சு.

புதன்கிழமை.
தறி ஓடுகிறது. குடத்துத் தண்ணீர் நடுங்குகிறது.
புளித்த மாவில் கரண்டி இறங்குவதுபோல
இறங்குகின்றன விசைகள்.
நான் இருப்பதற்கு
திரையில் நகரும் வரி மட்டும்தான் சாட்சி.

கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்:
"வேலை எதுவும் வரலயா இன்னைக்கு?"

ஏழாம் பக்கம். செக்குபந்தி விவரம்.
வடக்கில் வாய்க்கால், தெற்கில் பொதுப் பாதை.
வாயால் பதில் சொன்னால் முழுசாக முழித்துவிடுவாள்.

ஸ்பேஸ் பாரை மட்டும்
இன்னும் பிரித்திருக்கவில்லை.
இரண்டு தரம் தட்டினேன்.

"ம்" என்றாள்,
புள்ளியோடு.