இருபது மீனும் ஒரு வால்துண்டும்

ஓசூரிலிருந்து திரும்பி வந்தது பொட்டலம்.
காரணம் என்ற கட்டத்தில்
எழுதியிருந்தார்கள்:
"வாடை அடிக்கிறது."

கருவாடு ஐயா அது.
வேறென்ன அடிக்கும்?

ஹமீது பைக்கை அணைக்காமலே நீட்டினான்.
"கையெழுத்துப் போடுக்கா.
தங்கச்சிமடத்துப் பூனையெல்லாம்
என் பை பின்னாடியே வருது."
சிரித்தேன்.
திரும்பி வந்த கூலி எண்பத்தைந்து,
கூலிக்கு வரி பதினைந்து ரூபாய் முப்பது காசு
என்று கைபேசி சொன்னதும்
சிரிப்பு பாதியில் நின்றது.

ராத்திரி கரண்ட் வந்தபிறகு
கணக்கைத் திறந்தேன்.
கால் கிலோ நெத்திலி, தலை கிள்ளியது,
முந்நூற்று நாற்பத்தொன்பது.
தரகு நாற்பத்தொன்று எண்பத்தெட்டு.
நிலைக் கட்டணம் இருபது
(எது நிலையாக நிற்கிறதோ).
அனுப்புகூலி எழுபத்தொன்று.
இந்த மூன்றின் தலையிலும்
நூற்றுக்குப் பதினெட்டு:
இருபத்து மூன்று ரூபாய் தொண்ணூற்றிரண்டு காசு.

நான் விற்பதற்கு வரி இல்லை,
அவ்வளவு சின்ன ஆள்.
விற்றுத் தந்ததற்கு நான் கொடுக்கும் கூலிக்கு உண்டு.
எண் வாங்கிய பெரிய கடைக்காரருக்கு
அது வந்த வழியே திரும்புமாம்.
எனக்குத் திரும்புவது
ஓசூர்ப் பொட்டலம்தான்.

ராமநாதபுரம் போய்க் கேட்டேன்.
ஆடிட்டர் பூபதிநாதன் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"நம்பர் எடுத்துருங்கம்மா. கட்டுனதைக் கழிச்சுக்கலாம்.
பாக்கெட்டுக்கும் அஞ்சு சதவீதம் போடணும்.
மாசாமாசம் ரிட்டர்ன், வியாபாரம் இல்லாத மாசமும்.
எனக்கு எண்ணூறு."
தடைக்காலத்தில் கடலே ரிட்டர்ன் போடாது சார்
என்றேன்.
அடுத்தவரைக் கூப்பிட்டார்.

எண் இல்லாதவள்
மாநிலம் தாண்டி விற்கக் கூடாது.
ஓசூர் வரை போகலாம், அத்திப்பள்ளி ஆகாது.
அண்ணன் இன்னாசிக்குக் கடலில் ஒரு கோடு,
தண்ணீரில் யாரும் வரைந்து காட்டாதது.
தாண்டினால் படகு போகும்.
எனக்குத் தரையில் ஒன்று.
தாண்டினால் கடை மூடும்.
எங்கள் வீட்டில் அம்மா மட்டும்
இஷ்டத்துக்குப் பாம்பன் போய் வருகிறாள்.

கரையில் விற்றபோது
எல்லாம் நன்றாயிருந்தது என்று சொல்ல மாட்டேன்.
சேசுராஜன் தராசின் அடியில் காந்தம் ஒட்டியிருந்தான்.
மூன்று மாதம் கடன் சொல்வான்,
கேட்டால் வாயில் வராத வார்த்தை வரும்.
இது புதன்கிழமை தோறும் பணம் போடுகிறது
பைசா பிசகாமல்.
எடுப்பதும் பிசகாமல்.
சேசுராஜனோடு சண்டை போட்டு
ஒருமுறை நூறு ரூபாய் பிடுங்கியிருக்கிறேன்.
இதில் 'உதவி'யை அழுத்தினால்
உங்கள் அனுபவம் எப்படி இருந்தது என்கிறது.
ஐந்து நட்சத்திரம்
வரிசையாய்க் காத்து நிற்கிறது.

திரும்பி வந்த பொட்டலத்தைப் பிரித்துத்
தினத்தாளில் கொட்டினேன்.
எண்ணினேன். முந்நூறு.
தரகுக்கு முப்பத்தாறு மீன் ஒதுக்கினேன்.
நிலைக்குப் பதினேழு.
வண்டிக்கு அறுபத்தொன்று.
வரிக்கு இருபதும் அரையும்.
ஒன்றை எடுத்து ஒடித்தேன்.
வால்துண்டு அரசாங்கத்துக்கு.
மிச்சக் குவியலில்தான்
மீன் கொடுத்த இன்னாசி, உப்பு, உறை,
காற்றை உறிஞ்சும் மெஷினின் தவணை.
இதுவரை பில் அனுப்பாதது
வெயில் ஒன்றுதான்.

விலையை முந்நூற்று எழுபத்தைந்தாக்கினேன்.
ஏற்றிய இருபத்தாறுக்கும் தரகு ஏறியது,
தரகின் மேல் வரியும் ஏறி உட்கார்ந்தது.
சரி, ஏறட்டும் என்று விட்டேன்.

பதினொன்றரைக்குக் கைபேசி அதிர்ந்தது.
விருத்தாசலம், ஒரு பாக்கெட்.
நெத்திலிக் கையோடே எடுத்தேன்,
'ஏற்கிறேன்' அழுத்தினேன்,
பிறகு என்ன தோன்றியதோ
அதை மூக்கருகே கொண்டுபோனேன்.

வாடை அடிக்கிறது.