ஐந்நூறுக்கு ஒன்று குறைய

ரீடிங் எடுப்பவர் நேற்றே வந்திருக்க வேண்டும்.
வரவில்லை.
மீட்டரில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

ஐந்நூறைத் தாண்டினால்
போன மாதம் எரித்த வெளிச்சத்துக்கும் விலை ஏறும்.
தணிகாசலம் இதைக்
கால்குலேட்டரில் ஏழு முறை தட்டி விளக்கினார்.
எட்டாவது முறை தட்டுவதற்குள்
புரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

மே மாதக் கொளத்தூர். மூன்றாவது மாடி.
பகலெல்லாம் வாங்கிய வெயிலை
இரவானதும் வட்டியோடு இறக்கிவைக்கிறது கூரை.
ஏசி சுவரில்தான் இருக்கிறது.
பதினெட்டுத் தவணை, போன தையில் முடிந்தது.
இப்போது எங்களுக்கே சொந்தம்,
போட மட்டும் முடியாது.
அதன் முதுகில் ஒரு பல்லி
அட்வான்ஸ் இல்லாமல் குடியிருக்கிறது.

ஃப்ரிட்ஜை அணைத்தோம்.
மாவு புளித்துவிடும் என்று
பசிக்கு மேல் ஆளுக்கு இரண்டு தோசை தின்றோம்.
சிக்கனம் சில நாள்
வயிறு முட்டவும் செய்யும்.

மாதேஷ் பால்கனியில், தெருவிளக்கில் வேதியியல் படித்தான்.
"பெரிய ஆளானதும் பேட்டில சொல்லிக்கலாம்மா"
என்று சிரித்தான்.
நான் எண்ணெய்ப் பாக்கெட்டை
இன்னொரு முறை பிழிந்துகொண்டிருந்தேன்.

தண்ணீர் கேன் போடும் பையன்
இந்த வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கேனைப் பார்த்தபடியே சொன்னான்:
"அஞ்சு ரூபா ஏத்திட்டாங்கக்கா."
அவன் ஏற்றியது மூன்று மாடி.
அதற்கு யாரும் எதுவும் ஏற்றிக் கொடுக்கவில்லை.

மொட்டைமாடியில் பாய் விரித்தோம்.
அவர் படுத்ததும் தூங்கிவிட்டார்.
பாரிமுனையில் கடை,
நான்கு மாதமாக ஸ்டாக் எடுக்கிறார்கள்,
வீடு வர பதினொன்று ஆகிறது.
நட்டும் போல்ட்டும் எண்ணி முடிவதில்லை போல
என்று நினைத்துக்கொள்வேன்.

தூக்கம் வரவில்லை.
படியிறங்கி மீட்டரைப் பார்க்கப் போனேன்,
காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல.
மேலே எல்லாம் அணைத்திருக்கிறது.
ஆனாலும் அந்தச் சிவப்புப் பொட்டு
வெகுநேரத்துக்கு ஒருமுறை சிமிட்டியது.
ஏதோ ஒன்று உள்ளே குடித்துக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்குள் போய் இருட்டில் ஒவ்வொரு சுவிட்சாகத் தடவினேன்.
டிவி, இல்லை. மிக்ஸி, இல்லை.
பீரோவுக்குப் பின்னால்
நாங்கள் மறந்தே போன பிளக்கில்
ஒரு வெள்ளை ஒயர்.
பிடித்துக்கொண்டே போனேன்.
அவர் போன்.

கை பட்டதும் திரை விழித்தது.
'இன்று ஆறு சவாரி.
கடைசியாக: ரெட்டேரி முதல் மாதவரம் வரை.
நாளை எட்டு முடித்தால் ஊக்கத்தொகை.'

இரண்டாவது ஹெல்மெட் ஏன் என்று
மாசியில் கேட்டேன்.
கடைப் பையனுடையது என்றார்.
முதுகு வலிக்கு மூட்டை தூக்கியதைச் சொன்னார்.
கணக்கு நோட்டில் நான்கு மாதமாக,
வரவுப் பக்கம், அவர் கையெழுத்தில், 'ஓ.டி.'
மாதேஷின் டியூஷன் பீஸ்
அந்த இரண்டு எழுத்துக்குள்ளிருந்துதான் வந்தது.

பேட்டரி பத்தொன்பது சதவீதம்.
பிளக்கில் வைத்த கையை
எடுத்துவிட்டேன்.

காலையில் ஃப்ரிட்ஜைப் போட்டேன்.
பால் கெட்டால் அது வேறு கணக்கு.

பத்தரைக்கு வந்தார் ரீடிங் எடுப்பவர்.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
தண்ணீர் கேட்டார்,
கேன் தண்ணீர், சொம்பு நிறையக் கொடுத்தேன்.
ஐந்நூற்றொன்று.
"ஒண்ணுதாம்மா கூட" என்றார்,
வருத்தமாகத்தான்.

அவர் போனதும் நோட்டை எடுத்தேன்.
'ஓ.டி.'யை ஒன்றும் செய்யவில்லை.
எதிர்ப்பக்கம், செலவில்,
கேஸுக்கும் கேனுக்கும் கீழே
'பெட்ரோல்' என்று எழுதி
தொகைக்கு இடம் விட்டுவைத்தேன்.
இரவு அவர் பார்ப்பார்.