நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே

இருபத்திரண்டு வருடம்
குத்தாயிசி நகரத்து ரொட்டிக்கடையில்
கிணறு போன்ற மண் அடுப்புக்குள் தலைகீழாய்க் குனிந்து
சுவரில் மாவை அறைந்தவள் நான்.
அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.
ஆனது,
ஜும்பேர் கழற்றிப்போட்ட
ஒற்றைக் காலுறையை எடுக்கக் குனிந்தபோது.

காலுறையும் கையுமாய் அப்படியே நின்றேன்.
இடுப்பிலிருந்து இடது கெண்டைக்கால்வரை
யாரோ சூடான கம்பியை
உருவிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் மாடி சாய்ரா திராட்சைச் சாராயம் தேய்த்தாள்.
மாமியார் முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டினாள்.
ஜும்பேர் "அசையாதே" என்றான்;
அதோடு அவன் வைத்தியம் முடிந்தது.
அசையாமல் கிடந்தேன் நான்கு நாள்.
ஐந்தாம் நாள் முதுகு கட்டில் பலகையாகிவிட்டிருந்தது.

டாக்டர் நோதார் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.
அடுக்கிவைத்த எலும்புகள்,
இடையிடையே சாம்பல் நிறத் தட்டுகள்.
நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஒன்று மட்டும்
விளிம்பு மீறி எட்டிப் பார்த்தது,
பொங்கிய மாவு மூடியைத் தூக்குவதுபோல.
"உடைந்துவிட்டதா?"
"புடைத்திருக்கிறது. கொஞ்சம்."

அந்தக் 'கொஞ்சம்' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.
புரண்டு படுக்க ஐந்து நிமிடம் ஆகிறவளிடம்
கொஞ்சம் என்றால் எத்தனை கிராம்?
அவர் சன்னலைக் காட்டினார்.
"பஸ்ஸுக்கு நிற்கிறார்களே,
அவர்களைப் படம் எடுத்தால் பலபேருக்கு இது இருக்கும்.
தெரியாமலே ஏறிப் போகிறார்கள்."
பிறகு குரல் மாறியது:
சிறுநீர் போவது தெரியாமல் போனால்,
தொடையிடுக்கு மரத்தால்,
பாதம் தூக்க வராவிட்டால்
அன்றைக்கே ஓடி வா.
மற்றபடி, நட.

நடந்தேன்.
முதலில் சமையலறையிலிருந்து கதவுக்கு.
பிறகு வெள்ளைப் பாலம்வரை.
பிறகு பாலத்தைத் தாண்டி,
பிறகு எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோகும் தூரம்.

உடற்பயிற்சி சொல்லித்தந்த மாரேஹி
விளக்குமாற்றுக் கழியை முதுகோடு பிடிக்கச் சொன்னாள்.
தலை, நடுமுதுகு, பிட்டம் மூன்றும் கழியைத் தொட வேண்டும்.
"முதுகில் மடியாதே. தொடை சேருமிடத்தில் மடி."
குனிய இரண்டு வழி உண்டென்று
நாற்பத்தேழு வயதில் அறிந்தேன்.
ஒன்றில் தலை முன்னே போகும்.
மற்றதில் பின்புறம் பின்னே போகும்,
இரண்டு கையிலும் சாமானோடு
கார்க் கதவை இடித்துச் சாத்துவதுபோல.

ஏழாவது வாரம் அடுப்பிடம் திரும்பினேன்.
மாவு மூட்டையை இரண்டு பையாகப் பிரித்தேன்.
உள்ளே இறங்கும்போது
ஒரு காலைத் தராசுத் தட்டாய்ப் பின்னால் நீட்டினேன்.
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
அடுப்புக்கு வித்தியாசம் தெரியவில்லை;
ரொட்டி அதேபோல் ஒட்டியது.

வலி போய்விட்டதா என்றால்,
இல்லை.
பிப்ரவரி மழையில் வரும். தும்மினால் வரும்.
பழைய பாக்கியில் பாதிக் காசோடு வரும் லேவான் மாதிரி
தலையைச் சொறிந்துகொண்டு வாசலில் நிற்கும்.
முன்பென்றால் இனி எழவே முடியாதென்று அழுவேன்.
இப்போது, இருநூறுக்குப் பதில் நூற்றிருபது சுடுகிறேன்,
மாலையில் பாலம்வரை போய் வருகிறேன்.
மறுநாளோ அதற்கு மறுநாளோ
சொல்லாமல் போய்விடுகிறது.

நேற்றும் கட்டிலருகே ஒற்றைக் காலுறை கிடந்தது.
எடுக்கத் தெரியும் எனக்கு:
ஒரு கை கட்டிலில், ஒரு கால் பின்னே, முதுகு கழிபோல.
எடுக்கவில்லை.
"ஜும்பேர்," என்றேன்,
"உன் முதுகு நன்றாகத்தானே இருக்கிறது?"