எட்டு உருளைகள்

வின்னமக்காவில் ஈமக்கிரியை நிறுவனத்தை இழுத்து மூடினார் வெர்லின் ஸ்டாட்.
வாசலில் நின்றது வண்டி.
சபர்பன். கறுப்பு. இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்தது.
ஓடியது இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் மைல்.
"அதில் பாதி, நடக்கிற வேகத்தில்" என்றார்.
"பின்னால் வந்த ஒருவரும்
ஒரு தடவைகூட ஹாரன் அடித்ததில்லை."

அடியில் புகுந்து பார்த்தேன்.
மழையை அதிகம் அறியாத சட்டம். துரு இல்லை.
கியர் எண்ணெயை முகர்ந்தேன், கருகல் இல்லை.
பின்கதவைத் திறந்தால்
தரையில் எட்டு உருளைகள், இரு வரிசையாக,
பெட்டி நோகாமல் உள்ளே போக.
"கழற்றித் தரட்டுமா?"
வேண்டாம் என்றேன். ஏனென்று எனக்கே அப்போது தெரியாது.
மூவாயிரத்து நானூறு டாலர், ரொக்கம்.

அமாயா தங்கச் சுரங்கத்தில்
இருநூற்று நாற்பது டன் லாரி ஓட்டுபவள்.
இதன் பக்கத்தில் மூன்று நாள் வரவில்லை.
நாலாம் நாள் வந்து, முகர்ந்து,
"லில்லிப்பூ" என்றாள்.
கம்பளத்தைக் கிழித்தெறிந்தோம். வாசனை போகவில்லை.

பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவன் நான்.
முப்பது பிள்ளைகளோடு பனியில் நின்றுபோகிற வண்டி
எப்படி நிற்கும் என்று தெரியும்:
பெரிய சாமான் கெட்டு அல்ல,
பதினெட்டு டாலர் ரப்பர் குழாய் வெடித்து.
எனவே முதலில் மெத்தை இல்லை, விளக்கு இல்லை,
கூரைமேல் படம் பிடிக்கத்தக்க கூடாரம் இல்லை.
குழாய்கள். பெல்ட். தண்ணீர் பம்ப்.
பத்தடுக்கு டயர்கள். கனத்த சுருள்வில்.
இரண்டாவது பேட்டரி, இரவில் முதலாவதைத் தின்னாதபடி
நடுவே ஒரு ரிலே.
ஆல்டர்னேட்டரும் புதிது,
பழையது ஓடிக்கொண்டிருந்தபோதே.

பிப்ரவரியில் பலகை அறுத்தோம்.
மேலே படுக்கை, கீழே இழுப்பறை.
அடுப்பு, அரிசி, இருபது லிட்டர் தண்ணீர், சட்டி எல்லாம் ஏற்றி
ஒரு விரலால் இழுத்தாள்.
உருளைகள் மேல் வழுக்கி வந்தது சமையலறை,
சத்தமே இல்லாமல்.
அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

மே மாதம். ஜங்கோ சாலை. மண்.
எழுபதாவது மைலில் கறுப்புப் பாறைப் பாலையின் ஓரம்,
கண்ணுக்கெட்டியவரை வெளுத்த உப்புத்தரை,
மின்மானி முள் மெல்லச் சாய்ந்தது.
புது ஆல்டர்னேட்டர். ரசீதோடு, ஒரு வருட உத்தரவாதத்தோடு
செத்திருந்தது.

ஃபோனில் ஒரு கோடுகூட இல்லை.
அமாயா ஒன்றும் சொல்லாமல்
படுக்கைக்கு அடியில் கைவிட்டு
ஊதா வெல்வெட்டில் சுற்றியதை எடுத்தாள்.
வெர்லினின் துணி.
உள்ளே, நான் குப்பையில் போட்ட பழைய ஆல்டர்னேட்டர்.
"இத்தனை பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது" என்றாள்,
"ஒருவரையும் வழியில் விட்டதில்லையே."

இரண்டு போல்ட், ஒரு ஒயர், ஒரு பெல்ட்.
அரைமணி நேரம், நகக்கண்ணில் ரத்தம்.
முள் நிமிர்ந்தது.

அன்றிரவு அங்கேயே.
தலையைப் பின்கதவுப் பக்கம் வைத்துப் படுத்தோம்,
திறந்து வைத்து, வானம் நெற்றியில் பட.
எத்தனை பேர் இதே இடத்தில்
கூரையைப் பார்க்காமல் கிடந்திருப்பார்கள்?
கேட்க நினைத்தேன்.
அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை திரும்பினோம்.
குண்டும் குழியுமான மண், பதினைந்து மைல் வேகம்.
எதிரே ஒரு பிக்கப், பின்னால் வைக்கோல்.
வண்டியை அடையாளம் கண்டுகொண்டார் போலும்.
ஓரம் கட்டினார். இறங்கினார்.
தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு
தலை குனிந்து நின்றார்.

என்ன செய்வது?
வேகத்தை இன்னும் குறைத்தேன்.
அமாயா ஒரு கையில் காபிக் குவளையோடு
மறுகையால் தன் தொப்பியைத் தேடினாள்.