ஒரு கால் பாக்கி

பெரிய வியாழன், மாலை ஏழரை.
போதகருக்கு நான்கு சபைகள். இன்று அவர் பீடோரில்.
சிலிம் ரிவரில் துவாலை என் இடுப்பில்.

பன்னிரண்டு மடக்கு நாற்காலி போட்டிருந்தோம்.
பதினொன்றில் ஆள்.
மிச்சத்தை யாரோ சத்தமில்லாமல் மடக்கப் பார்த்தார்கள்.
"இருக்கட்டும்" என்றேன்,
சபைத் தலைவர் குரலில்.

"அவருக்கு இரவு ஷிஃப்ட்" என்றாள் லில்லி கிரேஸ்
கழுவிய காலால் செருப்பைத் துழாவிக்கொண்டே.
ஷிஃப்ட் உண்மைதான்.
பிப்ரவரியிலிருந்து அசரியாவுக்கு
எல்லா ஞாயிறும் ஷிஃப்ட்.

பிப்ரவரியில் காணிக்கையில் நாற்பது வெள்ளி குறைந்தது.
எண்ணியவன் அவன்.
"இனி இன்னொருவரும் கூட இருந்து எண்ணட்டும்" என்றேன்,
அவனைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்து.
விதிப்படி சரி. குறிப்பேட்டில் இருக்கிறது,
முன்மொழிந்தவர் வழிமொழிந்தவர் பெயரோடு.
மூன்று வாரம் கழித்து
காணிக்கைப் பையின் உள்துணிக் கிழிசலில்
நான்காய் மடிந்து கிடந்தன இரண்டு இருபது.
கிடைத்துவிட்டது என்று அறிவித்தேன்.
அவ்வளவுதான் அறிவித்தேன்.

ஆசீர்வாதம் சொல்லி, விளக்கணைத்து,
கஞ்சில் பின்சீட்டில் பேசினை வைத்தேன்.
ஒவ்வொரு மேட்டிலும் அது டொங் என்றது.
திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றுவதற்குள்
மில் வந்துவிட்டது,
வெந்த செம்பனைக் குலையின் புளித்த நெடி.
எங்கள் பிள்ளைகளின் பள்ளிச் சட்டையிலும் அதுதான்.

கேட்டில் நேப்பாளிக் காவலாளி.
சட்டைப் பட்டையில் தில் பகதூர்.
பேசினைப் பார்த்து "மீனா?" என்று மலாயில் கேட்டான்.
இல்லை, கால் கழுவ.
அவன் சிரிக்கவில்லை.
உள்ளே போன் போட்டான். பிறகு
தன் தேநீர்க் கெட்டிலை எடுத்து வந்து
பேசினில் பாதி ஊற்றினான்.

அசரியா வந்தான். கன்னத்தில் கரி.
வழியெல்லாம் மனப்பாடம் செய்த வசனம்
வாயில் இல்லை.
"அந்த நாற்பது வெள்ளி" என்று தொடங்கினேன்.
"பூட்ஸ கழட்டணுமா?" என்றான்.

சபையில் பதினோரு ஜோடிக் கால்கள்
வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி
பவுடர் அடித்து வந்திருந்தன.
இது வேறு.
செம்பனை எண்ணெய் தண்ணீருக்கு அசையாது.
தில் பகதூரின் பாத்திரச் சோப்பை வாங்கி
விரலிடுக்கில், வெடிப்பில், நகக்கண்ணில் தேய்த்தேன்.
முட்டியில் சரளை குத்தியது.
"அன்னிக்கு உன்னப் பாக்காமப் பேசிட்டேன்" என்றேன்
குதிகாலிடம்.

"மேல பாத்துச் சொல்லு."

பார்த்தேன். சொன்னேன்.
அவன் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.
"எம் பையன் பின்வரிசையில உக்காந்திருந்தான்" என்றான்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
துவட்டினேன்.

சங்கு ஊதியது.
ஈரம் போகாத காலை பூட்ஸில் திணித்தான்.
"இன்னொண்ணு பெறகு" என்று நடந்தான்.
ஞாயிறு வருவேன் என்று சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.

பேசினைக் கொட்டிக் கவிழ்க்கும்போது
கெட்டிலின் மீதியோடு தில் பகதூர் நின்றான்,
ஷூ கழற்றி, காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி.
அவனுக்கு இயேசுவைத் தெரியாது.
வெந்நீர் தெரியும்.
பன்னிரண்டு மணி நேரம் நின்ற பாதம்
தண்ணீருக்குள் விரல்களை மெல்லப் பிரித்தது.

வீட்டில் குறிப்பேட்டைத் திறந்தேன்.
கால் கழுவப்பட்டவர்கள்: பதினொருவர்.
அடித்தேன்.
பன்னிருவர். அதையும் அடித்தேன்.
லில்லி கிரேஸ் கூட்டிப் பார்ப்பாள், அவள்தான் இப்போது செயலாளர்.
கடைசியில்
ஒரு கால் பாக்கி
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எத்தனை முறை கழுவியும்
கையில் எண்ணெய் இருந்திருக்கிறது.
தாளில் என் பெருவிரல் பட்ட இடம் வழியாக
அடுத்த பக்கம் தெரிந்தது.